மூன்று பிரதிகளில் எது மெய்யானது? சேமிப்புக் கிளஸ்டரில் முரண்பட்ட பிரதிகளைச் சீர்செய்யும் முறை

செஃப் என்னும் சேமிப்பு மென்பொருளைப் பராமரிக்கும் எவரும் என்றாவது ஒரு நாள் கண்காணிப்புத் திரையில் காணப்போகும் செய்தி ஒன்று உண்டு. தரவு சேதமடைந்திருக்கக்கூடும், ஒரு பிஜியில், அதாவது ஒரு தரவுத் தொகுதியில், பிரதிகள் முரண்பட்டிருக்கின்றன என்பது அதன் பொருள். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஏதோ ஓர் அலுவலகத்தில் இரவுப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் இந்தச் செய்தியை இணையத்தில் தேடினால், முதலில் அகப்படுவது ஒற்றை வரிக் கட்டளைதான். அதை இட்டால் பெரும்பாலும் சிவப்பு மறைந்து பச்சை வந்துவிடும். ஆனால் எந்தப் பிரதி கெட்டது, எந்தப் பிரதி அதன் மேல் எழுதப்பட்டது, அது ஏன் கெட்டது என்ற கேள்விகள் எதற்கும் அந்தப் பச்சை விடை சொல்வதில்லை. சீர்செய்யும் கட்டளை இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. எந்தப் பிரதி மெய்யானது என்று தீர்மானிப்பதே பெரிய பகுதி. லினக்ஸில் ஓரளவு பழக்கமும் பரவல் சேமிப்பகத்தில் புதுமையும் உள்ள வாசகரை மனத்தில் கொண்டு, அந்தப் பெரிய பகுதியை இங்கே விளக்க முயல்கிறேன்.

செஃப், அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்தது. அதைப் பற்றிய முதன்மையான ஆய்வுக் கட்டுரை 2006-இல் வெளியானது. விலை உயர்ந்த தனிச் சேமிப்புக் கருவி எதுவும் இல்லாமல், சாதாரண சர்வர்களில் உள்ள சாதாரண வட்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே பெரிய சேமிப்பகமாகக் காட்டுவதே அதன் நோக்கம். இப்படி ஒன்றுசேர்ந்த சர்வர்களின் கூட்டமே கிளஸ்டர். வட்டுகள் கெடும் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொன்றையும் வழக்கமாக மூன்று பிரதிகளாக, மூன்று வெவ்வேறு சர்வர்களில் வைக்கிறது.

அண்ணா நகரில் ஒரு பரிசோதனைக்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே எடுத்த ஸ்கேன் படம் ஒன்று 40 எம்பி அளவில் செஃப் கோப்பகத்தில் சேமிக்கப்படுகிறது. செஃப் அதை 4 எம்பி அளவுள்ள பத்துத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஓர் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட்டின் பெயரை வைத்துக் கணக்கிட்டு, அது எந்த பிஜியில் சேர வேண்டும் என்று முடிவு செய்யப்படுகிறது. பிஜி என்பது ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட்டுகளை ஒன்றாகக் கையாள்வதற்காக வகுத்த ஒரு தொகுதி. பின்னர் கிரஷ் என்னும் கணக்கீட்டு முறை, அந்தத் தொகுதி எந்த மூன்று ஓஎஸ்டிகளில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஓஎஸ்டி என்பது ஒரு வட்டைக் கவனித்துக்கொள்ளும் நிரல். பெரும்பாலும் ஒரு வட்டுக்கு ஓர் ஓஎஸ்டி. எந்த ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைக்கும் மைய அட்டவணை எதுவும் இல்லை. பெயரும் கிளஸ்டரின் வரைபடமும் கையில் இருந்தால் யார் கணக்கிட்டாலும் ஒரே விடை வரும்.

அந்த மூன்று ஓஎஸ்டிகளில் ஒன்று முதன்மையானது. எழுதவேண்டிய தரவு முதலில் அதனிடம் வருகிறது. அது மற்ற இரண்டுக்கும் அனுப்பி, எல்லாம் வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்ற உறுதி கிடைத்த பிறகே, எழுதக் கேட்ட நிரலுக்கு "முடிந்தது" என்று பதில் சொல்கிறது. எனவே எழுதி முடிந்த அந்த நொடியில் மூன்று பிரதிகளும் ஒன்றாகவே இருக்கின்றன. பிறகு எப்படி முரண்பாடு வருகிறது?

தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு சர்வர் நின்றுபோய், அரை மணி நேரம் கழித்து மீண்டும் வந்தால், இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்டவை அதன் வட்டுகளில் இருக்காது. இதுவும் பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடுதான். ஆனால் இதைச் செஃப் முரண்பாடு என்று சொல்வதில்லை. ஒவ்வொரு பிஜியும், தான் கண்ட மாற்றங்களை வரிசை எண்ணோடு ஒரு பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. திரும்பி வந்த ஓஎஸ்டியின் பதிவேட்டை மற்றவற்றின் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, விடுபட்ட ஆப்ஜெக்ட்டுகளை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துவிடும். பதிவேடு அவ்வளவு பின்னோக்கிப் போகவில்லை என்றால் தொகுதி முழுவதையும் சரிபார்த்து நிரப்பும். இது குறைபாட்டு நிலை. அதற்கு மஞ்சள் எச்சரிக்கை போதும், மனிதர் கை வைக்க வேண்டியதில்லை. முரண்பாடு என்பது வேறு. மூன்று பிரதிகளும் ஒரே பதிப்பு என்று பதிவேடு உறுதியாகச் சொல்லும்போது, வட்டில் உள்ள பைட்டுகள் வேறு விதமாக இருப்பதே முரண்பாடு. செஃப்புக்குத் தெரியாமலேயே ஏதோ நடந்திருக்கிறது என்பதால்தான் சிவப்பு.

தெரியாமல் நடப்பவை பல. வட்டின் பரப்பில் ஒரு பகுதி படிக்க முடியாதபடி தேய்ந்திருக்கலாம். வட்டின் உள்மென்பொருள், எழுதச் சொன்னதை வேறிடத்தில் எழுதிவிட்டோ, எழுதாமலேயே எழுதிவிட்டதாகவோ பதில் சொல்லியிருக்கலாம். பிழை திருத்தும் வசதியில்லாத நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு, புரண்ட பிட்டே வட்டுக்குப் போயிருக்கலாம். இவை எங்கோ அபூர்வமாக நடப்பவை அல்ல. நெட்ஆப் நிறுவனத்தின் கருவிகளில் இருந்த 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் பொருந்தாமைகளைக் கண்டது. செக்சம் என்பது தரவு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சிறிய எண். பயன்பாட்டுக்கு வந்த முதல் 17 மாதங்களில் குறைந்தது ஒரு பொருந்தாமையாவது காட்டிய வட்டுகள், விலை குறைந்த சாட்டா வகையில் 0.66 சதவீதமாகவும், நிறுவனத் தர வகையில் 0.06 சதவீதமாகவும் இருந்தன. நூறு சாட்டா வட்டுகள் வைத்திருக்கும் ஒரு நடுத்தரக் கிளஸ்டர், தன் ஆயுளுக்குள் இந்தச் செய்தியைக் காணாமலே போவதற்கு வாய்ப்பு குறைவு.

சென்னையில் இருப்பவர்கள் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல வட்டுகள், எழுத வந்ததைத் தமது உள்நினைவகத்தில் சிறிது நேரம் வைத்துக்கொண்டு பிறகு பரப்பில் எழுதுகின்றன. திடநிலை வட்டுகளில் நிறுவனத் தரமானவை, மின்சாரம் திடீரென்று நின்றாலும் உள்நினைவகத்தில் உள்ளதை எழுதி முடிக்கப் போதுமான மின்தேக்கிகளைக் கொண்டிருக்கின்றன; மேசைக்கணினிக்கென்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் அவை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்குடி, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வெள்ளமும் மின்தடையும் நீடித்ததைப் போன்ற நாள்களில், யூபிஎஸ் தீர்ந்து, ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து, சர்வர்கள் ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றுபோவது நடக்கக்கூடியதே. அப்படி நின்ற கிளஸ்டர் மீண்டும் பச்சையாக எழுந்துவிட்டது என்பதாலேயே தரவு முழுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது தவறு. பச்சை, இதுவரை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

கண்டுபிடிக்கும் வேலை

கண்டுபிடிக்கும் வேலைக்கு ஸ்க்ரப் என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு. மேலோட்டமான ஸ்க்ரப், இயல்பு அமைப்பில் நாளுக்கு ஒரு முறை அளவில் நடக்கிறது. ஆப்ஜெக்ட் மூன்று இடத்திலும் இருக்கிறதா, அளவு ஒன்றா, அதன் பண்புக் குறிப்புகள் ஒன்றா என்று மட்டும் அது பார்க்கிறது. ஆழ்ந்த ஸ்க்ரப், இயல்பாக வாரம் ஒரு முறை, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் ஒவ்வொரு பைட்டையும் வட்டிலிருந்து படித்துச் செக்சம் கணக்கிடுகிறது. ஒவ்வோர் ஓஎஸ்டியும் தனது பிரதியைத் தானே படித்துக் கணக்கிட்டு முடிவை மட்டுமே முதன்மை ஓஎஸ்டிக்கு அனுப்புவதால், இந்த வேலை வலையமைப்பை அதிகம் நெரிப்பதில்லை. நெரிபடுவது வட்டுதான்.

எவ்வளவு நெரிபடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சுழலும் வட்டில் 10 டிபி தரவு இருக்கிறது, ஸ்க்ரப்புக்கு நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கக் கிடைக்கிறது என்றால், முழுவதையும் படிக்க 1,00,000 நொடிகள், அதாவது கிட்டத்தட்ட 28 மணி நேரம் ஆகும். வாரத்தில் 168 மணி நேரம்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் வேலையும் அதே வட்டில்தான் நடக்க வேண்டும். பகலில் கிளஸ்டர் மெதுவாகிறது என்று புகார் வந்ததும், ஆழ்ந்த ஸ்க்ரப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் கொடியை ஏற்றிவிட்டு, இறக்க மறந்துபோகும் கிளஸ்டர்கள் ஏராளம். அது செய்யக்கூடாத காரியம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஸ்க்ரப்பை நிறுத்துவதால் முரண்பாடு வராமல் போவதில்லை. இரண்டாவது பிரதியும் கெடும் வரை அது தெரியாமல் போகிறது. நிறுத்துவதைவிட, எந்த மணி முதல் எந்த மணி வரை ஸ்க்ரப் நடக்கலாம் என்று வரையறுக்கும் அமைப்பைப் பயன்படுத்துவதும், இடைவெளியை ஒரு வாரத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று வாரமாக நீட்டுவதும் மேல். இரவே ஓய்வு நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: தரமணியிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் நிறுவனத்துக்கு இரவு பதினொரு மணி என்பது உச்ச நேரம்.

அறிக்கையைப் படித்தல்

சிவப்பு வந்துவிட்டது. முதலில் இட வேண்டிய கட்டளை "செஃப் ஹெல்த் டீட்டெயில்". அது எந்த பிஜி, எந்த ஓஎஸ்டிகள் என்று சொல்லும். பிஜி 4.17, ஓஎஸ்டிகள் 3, 11, 20 என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் குறிக்கப்படும் 3 முதன்மையானது. அடுத்ததாக "ராடோஸ் லிஸ்ட் இன்கன்சிஸ்டன்ட் ஆப்ஜ்" என்ற கட்டளையை 4.17 என்ற எண்ணோடு இட்டு, விடையை ஜேசன் வடிவில் கேட்க வேண்டும். ஸ்க்ரப் விவரம் எதுவும் இல்லை என்று பதில் வந்தால் பதற வேண்டாம். ஸ்க்ரப் நடந்த பிறகு ஏதேனும் ஓர் ஓஎஸ்டி நின்று எழுந்திருந்தால் பழைய விவரம் செல்லாமல் போய்விடும். அந்த பிஜிக்கு மட்டும் ஆழ்ந்த ஸ்க்ரப் செய்யச் சொல்லி, முடிந்த பிறகு மீண்டும் கேட்டால் விடை வரும்.

அந்த அறிக்கையில் ஒவ்வொரு கெட்ட ஆப்ஜெக்ட்டுக்கும் இரண்டு மட்டத்தில் பிழைகள் குறிக்கப்படுகின்றன. மேல் மட்டத்தில் உள்ளது பிரதிகள் ஒன்றோடொன்று எப்படி வேறுபடுகின்றன என்பது. அதன் கீழே மூன்று பிரதிகளும் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்டி எண், அளவு, செக்சம், அந்தப் பிரதிக்கே உரிய பிழைகள் ஆகியவை தரப்படுகின்றன. நாம் உற்றுப் பார்க்க வேண்டியது இந்தக் கீழ்மட்டத்தையே.

நமது எடுத்துக்காட்டில் 10000000347.00000004 என்ற ஆப்ஜெக்ட் கெட்டிருக்கிறது. ஓஎஸ்டி 3, 20 இரண்டிலும் அளவு 41,94,304 பைட், செக்சம் ஒன்று, பிழைப் பட்டியல் காலி. ஓஎஸ்டி 11-இன் கீழே "படிக்கும்போது பிழை" என்று பொருள்படும் குறிப்பு இருக்கிறது. செக்சம் தரப்படவே இல்லை. இது எளிய வழக்கு. பிரதியைப் படிக்கவே முடியவில்லை என்று ஓஎஸ்டி 11 தானே ஒப்புக்கொள்கிறது. மற்ற இரண்டும் ஒத்துப்போகின்றன. சீர்செய்யச் சொல்லலாம்.

இப்போது உள்ள கிளஸ்டர்களில் பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் வருகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 2017-இல் வந்த லூமினஸ் பதிப்பு முதல், செஃப்பின் இயல்பான அடித்தளம், அதாவது ஓஎஸ்டி தரவை வட்டில் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் பகுதி, புளூஸ்டோர். அது எழுதும்போதே, பொதுவாக 4 கேபி அளவுள்ள ஒவ்வொரு துண்டுக்கும் சிஆர்சி32சி முறையில் செக்சம் கணக்கிட்டுத் தனியே வைத்துக்கொள்கிறது. படிக்கும்போது கணக்கு பொருந்தவில்லை என்றால், கெட்ட பைட்டுகளை மேலே அனுப்பாமல் படிக்க முடியவில்லை என்றே சொல்லிவிடுகிறது. ஆகவே வட்டு மௌனமாகப் பொய் சொன்னாலும், புளூஸ்டோர் அதை வெளிப்படையான பிழையாக மாற்றிவிடுகிறது. சாதாரணமாக ஒரு வாடிக்கையாளர் நிரல் படிக்கும்போதே இப்படிப் பிழை வந்தால், முதன்மை ஓஎஸ்டி வேறொரு பிரதியிலிருந்து தரவை எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டதைப் பின்னணியில் சரிசெய்துவிடுகிறது; நமக்குச் செய்தியே வராமலும் போகலாம்.

ஓஎஸ்டி 11-இன் பதிவுக் கோப்பைத் திறந்து பார்ப்பதும் அவசியம். எதிர்பார்த்த செக்சம் என்ன, கிடைத்த செக்சம் என்ன என்று அங்கே எழுதியிருக்கும். கிடைத்தது, பதினாறடிமான முறையில் 6706 என்று தொடங்கும் ஒரு குறிப்பிட்ட எண்ணாகவே மீண்டும் மீண்டும் வந்தால், அது முற்றிலும் பூஜ்ஜியங்களால் நிறைந்த 4 கேபி துண்டின் சிஆர்சி என்று தெரிந்துகொள்ளலாம். இது வட்டு தேய்ந்ததன் அடையாளம் அன்று. நினைவகம் மிகவும் நெருக்கடியில் இருக்கும்போது சில கெர்னல் பதிப்புகள் வட்டிலிருந்து படித்ததற்குப் பதில் பூஜ்ஜியங்களைத் திருப்பிக் கொடுத்ததால் வந்த பிழை இது. மறுபடி படித்தால் சரியான தரவே வந்தது. இதற்காகவே புளூஸ்டோரில், செக்சம் பொருந்தாவிட்டால் மூன்று முறை வரை மறுபடி படித்துப் பார்க்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. நல்ல வட்டைக் கழற்றி எறிவதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

கடினமான வழக்குகள் வேறு. மூன்று பிரதிகளும் பிழையில்லாமல் படிக்கப்படுகின்றன. ஆனால் செக்சம் வேறுபடுகிறது. அல்லது மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஆனால் ஆப்ஜெக்ட்டின் குறிப்பில் பதிந்து வைத்த செக்சத்தோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நினைவகத்தில் பிட் புரண்டு, புரண்ட பிறகு புளூஸ்டோர் செக்சம் கணக்கிட்டிருந்தால், அடித்தளத்தின் பார்வையில் கெட்ட பிரதியும் நல்ல பிரதியே. இங்கேதான் எது மெய் என்ற கேள்வி உண்மையாகவே எழுகிறது.

பெரும்பான்மையும் சான்றும்

மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்றுக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஒரே நூலின் பல ஏடுகளை வைத்துக்கொண்டு பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். நான்கு ஏடுகளில் ஒரு பாடம், ஓர் ஏட்டில் வேறு பாடம் என்றால் நான்கே சரி என்று அவர்கள் முடிவு கட்டுவதில்லை. அந்த நான்கும் பிழையுள்ள ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவையாக இருந்தால், அவற்றின் சாட்சியம் ஒன்றாகவே எண்ணப்படும். யாப்பு, பழைய உரையில் வரும் மேற்கோள் என்று பிரதிகளுக்கு வெளியே உள்ள சான்றைத் தேடுவார்கள். கிளஸ்டரிலும் அப்படியே. முதன்மை ஓஎஸ்டி கெட்ட தரவை ஒரு புதிய ஓஎஸ்டிக்கு நகலெடுத்துக் கொடுத்திருந்தால், இரண்டு கெட்ட பிரதிகள் ஒற்றுமையாக நிற்கும். தனித்து நிற்பதே மெய்யானதாக இருக்கும்.

ஆகவே செஃப் வாக்கெடுப்பு நடத்துவதில்லை, சான்றைப் பார்க்கிறது. படிக்க முடியாதவை, அளவு பொருந்தாதவை, குறிப்பு சிதைந்தவை முதலில் தள்ளப்படுகின்றன. ஆப்ஜெக்ட்டின் குறிப்பில் முழு ஆப்ஜெக்ட்டுக்கான செக்சம் பதிந்திருந்தால், அதோடு பொருந்தாத பிரதியும் தள்ளப்படுகிறது. தள்ளப்படாமல் எஞ்சியவற்றிலிருந்து ஒன்று அதிகாரபூர்வமான பிரதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. முதன்மையின் பிரதியில் குறை இல்லையென்றால் அதற்கே முன்னுரிமை. சிக்கல் என்னவென்றால், முழு ஆப்ஜெக்ட்டுக்கான செக்சம் எப்போதும் இருப்பதில்லை. மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படிமத்தைப் போல, நடுநடுவே சிறு பகுதிகள் திரும்பத் திரும்ப எழுதப்படும் ஆப்ஜெக்ட்டுக்கு, ஒவ்வொரு திருத்தத்தின் போதும் முழுவதையும் மறுபடி படித்துக் கணக்கிட முடியாது என்பதால், பழைய செக்சம் கைவிடப்படுகிறது. அத்தகைய ஆப்ஜெக்ட்டில் பிரதிகள் வேறுபட்டு, அடித்தளமும் பிழை சொல்லவில்லை என்றால், தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது. மூன்று பிரதிகளையும், ஓஎஸ்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, செஃப்போடு வரும் ஆப்ஜெக்ட்ஸ்டோர் கருவியால் வெளியே எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புளூஸ்டோருக்கு முந்தைய காலத்தில், ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் சாதாரண லினக்ஸ் கோப்பாக வைக்கப்பட்டபோது, இந்தப் பொறுப்பு இன்னும் அதிகம். அக்காலப் பதிப்புகளில் சீர்செய்யும் கட்டளை முதன்மையின் பிரதியை நம்பி மற்றவற்றின் மேல் எழுதிவிடக்கூடியதாக இருந்தது. முதன்மையே கெட்டிருந்தால், இரண்டு நல்ல பிரதிகள் ஒரே கட்டளையில் அழிந்துவிடும். கட்டளையை அவசரப்பட்டு இடாதே என்று இன்றும் மூத்த பொறியாளர்கள் எச்சரிப்பது அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்து வழிகாட்டிகள், கெட்ட கோப்பைக் கையால் நகர்த்திவிட்டுப் பிறகு சீர்செய்யச் சொல்வதையும் காணலாம். புளூஸ்டோரில் நகர்த்துவதற்கு அப்படியொரு கோப்பே கிடையாது என்பதால், அந்த வழிகாட்டிகளை இப்போது பின்பற்ற முயல்வது வீண்.

இடத்தை மிச்சப்படுத்த இரண்டு பிரதிகள் மட்டும் வைப்பது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே விளங்கும். இரண்டும் வேறுபட்டு, மூன்றாவது சான்றும் இல்லை என்றால், எது மெய் என்று சொல்ல யாராலும் முடியாது.

கட்டளையும் அதன் பிறகும்

சான்று தெளிவாக இருக்கிறது, இப்போது "செஃப் பிஜி ரிப்பேர் 4.17". சீர்செய்யும்படி ஓஎஸ்டி 3-க்கு அறிவுறுத்தப்பட்டது என்று உடனே பதில் வரும். அறிவுறுத்தப்பட்டதே தவிர, சீர்செய்யப்படவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை ஸ்க்ரப் நடக்கலாம் என்பதற்கு ஒவ்வோர் ஓஎஸ்டிக்கும் வரம்பு உண்டு. மூன்று ஓஎஸ்டிகளிலும் ஒருசேர இடம் கிடைத்தால்தான் வேலை தொடங்கும். கிளஸ்டரில் ஸ்க்ரப் வேலை குவிந்து கிடக்கும்போது, கட்டளை எடுபடவில்லை என்று நினைத்து அதையே பத்து முறை இடுவது பலருக்கும் வழக்கம். பொறுத்திருந்து, பிஜியின் நிலையில் ஸ்க்ரப், சீர்செய்தல் ஆகிய இரண்டு சொற்களும் சேர்ந்து தோன்றுகிறதா என்று பார்ப்பதே சரி. தோன்றியபின் நடப்பது, மீண்டும் ஓர் ஆழ்ந்த ஸ்க்ரப்பும், அதன் முடிவில் அதிகாரபூர்வமான பிரதியிலிருந்து கெட்ட இடத்துக்கு நகலெடுப்பதும்தான். முடிந்த பிறகு நாமாக ஒரு முறை ஆழ்ந்த ஸ்க்ரப் செய்யச் சொல்லி, பிழை மீண்டும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் தானாகவே செய்துகொள்ளும் அமைப்பு ஒன்றும் உண்டு. அது இயல்பாக அணைக்கப்பட்டே வருகிறது; இயக்கினாலும், ஒரு பிஜியில் ஐந்துக்கு மேற்பட்ட பிழைகள் இருந்தால் தானாகக் கை வைக்காது. நூற்றுக்கணக்கான வட்டுகள் உள்ள இடத்தில் இதை இயக்குவது நியாயமே. சில வட்டுகள் மட்டும் உள்ள சிறிய கிளஸ்டரில் அணைத்தே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொரு முரண்பாடும் ஒரு மனிதர் கண்ணில் பட வேண்டும்.

ஏனென்றால், பிரதி சீராகிவிட்டாலும் வட்டு சீராவதில்லை. புளூஸ்டோர் நல்ல தரவைப் பெரும்பாலும் வட்டின் வேறோர் இடத்தில் எழுதுகிறது. கெட்ட இடம் அப்படியே இருக்கிறது. ஓஎஸ்டி 11 உள்ள சர்வரில் கெர்னல் செய்திகளைப் பார்த்து, வட்டின் படிப்புப் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று தேட வேண்டும். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் அறிக்கையில், இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள் ஆகிய இரண்டு எண்களும் பூஜ்ஜியமாக இல்லை என்றால், சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த வட்டின் காலம் முடிந்துவிட்டது. செஃப்பும் தன் பங்குக்கு, ஓர் ஓஎஸ்டியில் பத்துக்கு மேற்பட்ட சீர்செய்தல்கள் நடந்திருந்தால் தனியே எச்சரிக்கிறது. ஒரே சர்வரின் பல வட்டுகளில் முரண்பாடு வந்தால் வட்டுகளை விட்டுவிட்டு நினைவகத்தையும் கட்டுப்பாட்டு அட்டையையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும்.

வட்டை மாற்றுவது என்று முடிவானால், அதைப் பிடுங்குவது கடைசி வேலை. முதலில் ஓஎஸ்டியை "அவுட்" என்று, அதாவது இனி இதில் தரவு வைக்க வேண்டாம் என்று குறித்து, அதை நிறுத்தாமலேயே விட்டுவிட வேண்டும். அதில் உள்ளவை மற்ற வட்டுகளுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போது, வேறொரு பிரதி கெட்டிருப்பது தெரியவந்தால், இந்தப் பழைய வட்டில் உள்ள பிரதியே காப்பாற்றக்கூடும். எல்லா பிஜிகளும் சுத்தமான நிலைக்கு வந்து, அந்த ஓஎஸ்டியை அழித்தால் பாதகமில்லை என்று செஃப்பிடமே கேட்டு உறுதி பெற்ற பிறகு கழற்றலாம். அவசரத்துக்கு ரிச்சி தெருவில் உடனே கிடைக்கும் மேசைக்கணினி வட்டை வாங்கிப் பொருத்திவிடும் ஆசை வரும். அவற்றில் பல, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகையைச் சேர்ந்தவை. தொடர்ந்து எழுதும் வேலையில் மிகவும் மெதுவாகிவிடும். இரண்டு நாள் காத்திருந்து சரியான வட்டை வாங்குவது மேல். அதுவரை தரவு வேறிடத்தில் மூன்று பிரதிகளாகப் பாதுகாப்பாகவே இருக்கும்.

கசாண்ட்ரா போன்ற பரவல் தரவுத்தளங்களிலும் ரிப்பேர் என்ற இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு என்பதால் ஒரு குறிப்பு. அங்கே எல்லாப் பிரதிகளும் எழுதப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று வாடிக்கையாளர் நிரல் முடிவு செய்யலாம். ஆகவே பிரதிகள் வேறுபடுவது அங்கே அன்றாட நிகழ்வு. சீர்செய்தலும் அன்றாடப் பராமரிப்பே. மெர்க்கல் மரம் என்னும் அடுக்கு ஹாஷ் அமைப்பால் வேறுபடும் பகுதிகளை மட்டும் கண்டுபிடித்து, நேர முத்திரை எதில் பிந்தியதோ அதை மெய் என்று ஏற்கிறது. எனவே சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போவது அங்கே உயிர்நாடி. நீக்கப்பட்டவற்றுக்கான அடையாளங்கள் இயல்பாக 10 நாள்கள் வைக்கப்படுகின்றன; அதற்குள் சீர்செய்தல் நடக்காவிட்டால், நீக்கிய தரவு விடுபட்ட பிரதியிலிருந்து மீண்டும் உயிர்பெறலாம். செஃப் அனுபவத்தை அங்கேயும், அங்கேயுள்ள அனுபவத்தைச் செஃப்பிலும் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

மூன்று பிரதிகளும் கெட்டிருந்தால்?

இது அரிது, ஆனாலும் நேரும். சீர்செய்யும் கட்டளையால் பயனில்லை; நகலெடுப்பதற்கு நல்லது என்று ஒன்று இல்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, இழந்தது எது என்பது. ஆப்ஜெக்ட்டின் பெயரே அதைச் சொல்லும். நமது எடுத்துக்காட்டில் புள்ளிக்கு முன்னால் உள்ள 10000000347, கோப்பின் ஐநோடு எண், பதினாறடிமான முறையில். பதின்ம முறைக்கு மாற்றினால் 1099511628615. செஃப் கோப்பகம் ஏற்றப்பட்ட சர்வரில், இந்த எண்ணைக் கொடுத்து ஃபைண்ட் கட்டளையால் தேடினால் கோப்பின் பெயரும் பாதையும் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 4, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது துண்டு. அதாவது அந்தக் கோப்பில் 16 எம்பிக்கும் 20 எம்பிக்கும் இடைப்பட்ட பகுதி. கோடிக்கணக்கான ஆப்ஜெக்ட்டுகள் உள்ள கிளஸ்டரில் சேதம் ஒரே ஒரு ஸ்கேன் படத்தோடு நிற்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். கிளஸ்டருக்கு வெளியே தனியாக எடுத்து வைத்த பேக்கப்பிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து, முதலில் வேறு பெயரில் வைத்துத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் கெட்டதை நீக்கிவிட்டுப் பழைய பெயரில் வைக்கலாம். பிறகு பிஜி 4.17-க்கு மீண்டும் ஒரு முறை ஆழ்ந்த ஸ்க்ரப் செய்தால், நீக்கப்பட்ட ஆப்ஜெக்ட்டோடு அந்தச் சிவப்பும் நீங்கிவிடும். பேக்கப்பில் அந்தக் கோப்பு இல்லை என்றால், எந்த நோயாளியின் படம், எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரத்தோடு பரிசோதனைக்கூடத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய ஸ்கேன் இயந்திரத்தில் மூலப்படம் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கக்கூடும்.